ஜிம்னிக்கு இரண்டு இன்ச் லிஃப்ட் கிட்: பெட்டியில் இருந்தவையும் இல்லாதவையும்

சுசுகி ஜிம்னியை இரண்டு இன்ச் உயர்த்த வாங்கிய இந்த கிட்டில் வந்த ஸ்பிரிங்கும், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கும் தரமானவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே குறைகள் நிறைய வரும். அவற்றைப் படித்துவிட்டு மட்டமான சரக்கு என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. மாட்டிய பிறகு வண்டி தூக்கிப்போட்டது, நேராகப் போகாமல் அலைந்தது, பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ‘டொக்’ என்று அடித்தது. இவற்றில் ஒன்றுக்குக்கூட ஸ்பிரிங்கோ ஷாக்கோ காரணமில்லை. மாட்டிய விதமும், பெட்டியில் வைக்காமல் விட்ட சாமான்களும்தான் காரணம்.

என்னுடையது 2018-க்குப் பிந்தைய மூன்று கதவு ஜிம்னி. ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் இரு சக்கரத்தையும் ஒரே விறைப்பான அச்சாக இணைக்கும் திட ஆக்சில், நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். முன்னால் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் கிடையாது, இரும்பு பம்பரும் கிடையாது. பின் இருக்கையில் பெரும்பாலும் அம்மா இருப்பார், அவருக்கு முதுகு வலி. அதனால் இந்த விமர்சனம் பாறை ஏறுபவரின் கண்ணோட்டத்தில் இருக்காது. மேடு பள்ளமான மண் பாதையில் போகவும் வேண்டும், தார்ச் சாலையில் வீட்டு மனிதர்களை நோகாமல் கூட்டிப்போகவும் வேண்டும் என்று நினைப்பவருக்காக எழுதுகிறேன்.

கிட்டில் வந்தவை நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக், நட்டு போல்ட்டு, இரண்டு பக்கக் குறிப்புத் தாள். ஷாக் ஒவ்வொன்றிலும் எட்டு நிலை திருகு உண்டு. 1 மென்மை, 8 முரடு. கேஸ்டரை, அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வைத் திருத்தும் புஷ் இல்லை. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டான பான்ஹார்ட் ராட், நீளம் மாற்றக்கூடிய வகையில், இல்லை. சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தாங்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்புக்கு நீட்டிப்பு இல்லை. திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கு நீள லிங்க் இல்லை. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகையில் சந்தையில் இருக்கும் பல கிட்டுகளிலும் இதே சாமான்கள்தான் விடுபட்டிருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். லிஃப்ட் கிட் போட்டால் வண்டியின் அடிப்பகுதி முழுவதும் உயரும் என்று பலர் நம்புகிறார்கள். திட ஆக்சில் வண்டியில் அப்படி நடக்காது. ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மில்லிமீட்டர். இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியல் ஆக்சிலோடு சேர்ந்தே இருப்பதால், அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைக் கூட்ட டயரால் மட்டும்தான் முடியும். நான் 195/80 ஆர்15-ஐ மாற்றி 215/75 ஆர்15 போட்டேன். கணக்குப் போட்டால் விட்டம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கூடுகிறது, அதாவது டிஃபரென்ஷியல் உயர்வது 5 மில்லிமீட்டர்தான். லிஃப்டால் கிடைப்பது மேட்டில் இடிக்காமல் ஏறி இறங்க உதவும் முன், பின், நடு வயிற்றுக் கோணங்களும், டயர் உரசாமல் ஆட இடமும். எனக்கு நடு வயிறுதான் அடிக்கடி மேட்டில் தட்டிக்கொண்டிருந்தது, அது தீர்ந்தது. அந்த வகையில் கிட் சொன்னதைச் செய்திருக்கிறது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம்.

ஒர்க்ஷாப்பிலிருந்து எடுத்துவந்த அன்றே அம்மா கேட்டார், “ஏம்ப்பா, வண்டி முன்னைவிட முரட்டுத்தனமா இருக்கே?” உண்மைதான். சாலையில் சின்ன ஒட்டு, விரிசல் எதுவானாலும் இடுப்புவரை தெரிந்தது. ஒர்க்ஷாப்பில் கேட்டால், “திருகை 1-ல வெச்சு ஓட்டுங்க சார், புது ஸ்பிரிங், போகப்போகப் பழகிடும்” என்றார்கள். 1-ல் வைத்தேன். சின்ன அடி அப்படியே இருந்தது, கூடவே பெரிய மேட்டைத் தாண்டினால் வண்டி படகு மாதிரி ஆடவும் ஆரம்பித்தது. எனக்கு இதுதான் முதல் துப்பு. ஷாக் முரடாக இருந்ததால் வந்த அடி என்றால் திருகைத் தளர்த்தும்போது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அடி வேறு வழியாக வருகிறது.

வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஆக்சிலைச் சட்டத்தோடு இணைக்கும் ஆர்ம்களின் இரு முனையிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே இன்னொன்று, நடுவில் இரண்டோடும் ஒட்டியே வார்த்த ரப்பர். போல்ட்டை முறுக்கினால் உள் குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும். அதற்குப் பிறகு ஆர்ம் ஆட வேண்டுமானால் ரப்பர் முறுக்கிக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள். வண்டி ஒர்க்ஷாப்பின் தூக்கியில் நிற்கிறது, சக்கரங்கள் தொங்குகின்றன, அந்த நிலையில் போல்ட்டை முறுக்கிவிட்டார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் ஆர்ம்கள் மேலே வந்து, எல்லாப் புஷ்ஷும் முறுக்கிய நிலையிலேயே நிற்கின்றன. ரப்பர் ஓர் உபரி ஸ்பிரிங்காக வேலை செய்யும். வண்டி உயரமாக நிற்கும், சின்ன அசைவுக்கும் விறைப்பு காட்டும், புஷ் சீக்கிரம் கிழியும். லிஃப்ட் போட்டபின் ‘ரைடு கல்லாயிடுச்சு’ என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. திருகு அதற்கெல்லாம் பிறகு.

தீர்க்கச் செலவே கிடையாது. வண்டியைச் சமதரையில் நான்கு சக்கரத்தில் நிற்க வைத்து, ஆர்ம்கள், பான்ஹார்ட் ராட், ஷாக்கின் கீழ் முனை என்று ரப்பர் புஷ் உள்ள எல்லாப் போல்ட்டையும் தளர்த்த வேண்டும். கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். பிறகு முன்னும் பின்னும் அமுக்கி விட்டு, வண்டியைக் கொஞ்சம் உருட்டி, அது தன் உயரத்துக்கு வந்து உட்கார்ந்ததும் முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் வண்டிக்கான அளவுப்படி முறுக்க வேண்டும். என் வண்டியில் தளர்த்தியதுமே முன்பக்கம் 8 மில்லிமீட்டர் இறங்கியது. அம்மாவின் முதுகுக்குக் கிடைத்த ஆறுதலில் பாதி இந்த ஒரு வேலையில் வந்தது. குறிப்புத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. இந்த கிட்டின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். ஏனென்றால் ஒரு வரி இல்லாததால் எத்தனையோ பேர் நல்ல ஸ்பிரிங்கைப் பழித்துக் கழற்றி எறிந்திருப்பார்கள்.

உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் காற்று, டயர் அளவு எல்லாம் அதில் கலந்துவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்புவரை நேர்மேலே அளந்தால் சஸ்பென்ஷனின் கணக்கு மட்டும் கிடைக்கும். மாட்டுவதற்கு முன்பே நான்கு பக்கமும் அளந்து எழுதிவைப்பது மிக முக்கியம். கிட் சொல்லும் உயர்வு 50 மில்லிமீட்டர். புஷ்ஷைச் சரிசெய்த பிறகு எனக்கு முன்னால் 54, பின்னால் 48. முன் ஸ்பிரிங்கை பம்பர், வின்ச் எடையையும் மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. எடை சேர்க்காத வண்டியில் கொஞ்சம் உயரமாகத்தான் நிற்கும். வாங்கும்போதே எவ்வளவு கூடுதல் எடைக்கான ஸ்பிரிங் என்று கேட்டு வாங்குங்கள். 50 கிலோ கூடுதல் எடைக்கானதை வெறும் வண்டியில் போட்டால் எந்தத் திருகாலும் அதை மென்மையாக்க முடியாது.

டயர் காற்றைப் பற்றிச் சுருக்கமாக. ஜிம்னியின் எடை சுமார் 1100 கிலோதான். புதிய டயர் மாட்டிய இடத்தில் 35 பி.எஸ்.ஐ. அடித்து அனுப்பியிருந்தார்கள். அதை 26-க்கு இறக்கினேன். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்காமல் காற்றடிக்கும் யாரையும் நம்ப வேண்டாம். லிஃப்ட்டும் புது டயரும் ஒரே நாளில் போட்டவர்கள் சஸ்பென்ஷனைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது அலைச்சல். நேர்ச் சாலையில் ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரவில்லை, கையால் கொண்டுவர வேண்டியிருந்தது. இது கேஸ்டர் குறைந்ததன் அடையாளம். சக்கரம் திரும்பும் அச்சு மேல்முனையில் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வுதான் கேஸ்டர். முன் சக்கரம் தானாக நேர்ப்படுவது அதனால்தான். ஜிம்னியில் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் பின்னோக்கிப் போய் சட்டத்தில் மாட்டியிருக்கின்றன. சட்டம் உயர்ந்தால் ஆர்மின் பின்முனை உயரும், ஆர்ம் ஆக்சிலோடு விறைப்பாக இணைந்திருப்பதால் ஆக்சிலும் முன்னோக்கி உருளும், கேஸ்டர் குறையும். எவ்வளவு என்று காகிதத்திலேயே கணக்கிடலாம். ஆர்மின் நீளம் 900 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் உயர்வுக்கு ஏறக்குறைய 3 டிகிரி போய்விடும். ஆர்ம் குட்டையாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

இதை அலைன்மென்ட் கடையில் சரிசெய்ய முடியாது. திட ஆக்சிலில் அவர்கள் கை வைக்கக்கூடியது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு மட்டும்தான். ஆனால் மெஷின் கேஸ்டரையும் காட்டும், அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். திருத்த இரண்டு வழிகள். துளை நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளியிருக்கும் புஷ்ஷை ஆர்மில் அழுத்தி மாட்டுவது ஒரு வழி. ஆர்ம் மாட்டும் இடத்தையே கீழிறக்கும் பிராக்கெட் போடுவது இன்னொன்று. நான் பிராக்கெட்டைத் தேர்ந்தெடுத்தேன். தள்ளிய துளை உள்ள புஷ்கள் பெரும்பாலும் பாலியூரித்தேனில் வருகின்றன. இந்த ஆர்ம் ஒவ்வொன்றிலும் ஆக்சில் பக்கம் இரண்டு புஷ் இருப்பதால், ஒரு சக்கரம் மேலேயும் ஒன்று கீழேயும் போகும்போது அவை இரண்டும் பிசைந்துகொடுத்தால்தான் ஆக்சில் ஆடும். அங்கே கடினமான பொருளைப் போட்டால் மண் பாதையில் ஆட்டமும் குறையும், தார்ச் சாலையில் மென்மையும் குறையும். நான் காப்பாற்றப் பார்த்த இரண்டுமே போய்விடும். பிராக்கெட்டின் குறை என்னவென்றால் அது சட்டத்துக்குக் கீழே தொங்கும், கல்லில் இடிக்கும். பாறை ஏறுகிறவர்கள் புஷ்ஷையே விரும்புவது நியாயம்தான். புஷ் போடுகிறவர்கள் துளை எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை பார்த்து மாட்டச் சொல்லுங்கள். தலைகீழாக மாட்டினால் மிச்சமிருக்கும் கேஸ்டரும் போய்விடும்.

கேஸ்டரை ஆசைக்கு ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. ஆக்சிலைப் பின்னால் உருட்டும்போது டிஃபரென்ஷியலின் மூக்கு கீழே தாழும், அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இணைப்புக் கோணம் மோசமாகும், நான்கு சக்கர ஓட்டத்தில் அதிர்வு வரும். லிஃப்ட்டில் போனதை மீட்டால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

இவ்வளவும் ஜிம்னி, பழைய டிஃபெண்டர், லேண்ட் குரூசர் 80 போன்று முன்னால் திட ஆக்சிலும் இந்த வகை ஆர்மும் உள்ள வண்டிகளுக்கு. ஹைலக்ஸ் மாதிரி முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன் இருந்தால் கதை வேறு. அங்கே முன்னிருந்து பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வான கேம்பரும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணமும்தான் முதல் கவலை.

கேஸ்டர் சரியானபின் வண்டி கோடு போட்டமாதிரி போனது. ஆனால் ஸ்டியரிங் சக்கரம் கொஞ்சம் திரும்பியே நின்றது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கின் சாய்வு கூடியதால் வருவது இது. அதன் சரிசெய்யும் ஸ்லீவைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டித்தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஸ்டியரிங் கோண சென்சார் அதை நம்பித்தான் இருக்கிறது. நேராகப் போகும்போதே வண்டி திரும்புவதாக அது நினைத்தால் வண்டி சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. தேவையில்லாமல் பிரேக் பிடிக்கும்.

பான்ஹார்ட் ராட் ஆக்சிலை ஒருபக்கமாக இழுக்கும். என் அளவில் 5 மில்லிமீட்டர் வந்தது. இதற்காகச் சரிசெய்யும் ராட் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஓட்டத்தில் தெரியவில்லை. ஆனால் அந்த ராட் வேறு விதத்தில் தொல்லை கொடுத்தது. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் பாலத்தின் இணைப்பைத் தாண்டினால் முன் சக்கரங்கள் படபடவென்று ஓரிரு நொடி உதறின. ஒர்க்ஷாப்பில் தடிமனான ஸ்டியரிங் டாம்பர் போடச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. டாம்பர் உதறலை அமுக்கி வைக்குமே தவிர காரணத்தைத் தீர்க்காது. காரணம் மறைந்திருக்கும்போது தேய்மானம் தொடரும், ஒருநாள் டாம்பராலும் தாங்க முடியாத உதறல் வரும். மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் அந்தச் சோதனை வேண்டாம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இருவர் போதும். மச்சானை உள்ளே உட்கார வைத்தேன். “மச்சான், இன்ஜினை ஆன் பண்ணிட்டு ஸ்டியரிங்கை லேசா ஆட்டு, சக்கரம் திரும்ப வேண்டாம், ஆட்டினாப் போதும்” என்று சொல்லிவிட்டு அடியில் பார்த்தேன். வண்டி சக்கரத்தில் நின்றபடி இருக்க வேண்டும், ஜாக்கியில் தூக்கினால் தெரியாது. பான்ஹார்ட் ராடின் ஆக்சில் முனையில் போல்ட்டு தன் துளைக்குள்ளேயே இப்படியும் அப்படியும் நகர்ந்தது. கையை வைத்தால் விரலுக்குத் தெரிந்தது. சரியாக முறுக்கியதும் உதறல் நின்றது. அங்கே ஆட்டமில்லை என்றால் அடுத்து புஷ்ஷின் ரப்பர், சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளின் கிங்பின் பேரிங், டயர் பாலன்ஸ் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஜிம்னியில் கிங்பின் பேரிங்கின் இறுக்கம் குறைந்தாலும் இதே உதறல் வரும்.

‘டொக்’ சத்தத்துக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. சக்கரம் கீழே தொங்கும்போது வரும் சத்தமா, மேலே அமுங்கும்போது வரும் சத்தமா என்று முதலில் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து எதிரெதிர். தொங்கும்போது என்றால் ஷாக் முழுதாக நீண்டு முட்டுகிறதா என்று சந்தேகிக்கலாம். முன்பக்கத்தை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஷாக்கில் இன்னும் நீளம் மிச்சமிருந்தது. ஸ்டெபிலைசர் பாரின் பழைய குட்டை லிங்க்தான் செங்குத்தாகி அடித்துக்கொண்டிருந்தது. நீள லிங்க் போட்டதும் போய்விட்டது.

அமுங்கும் பக்கத்தை ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையை லேசாகக் கட்டிப் பார்க்கலாம். தூசு உறையைத் தூக்கிவிட்டு, தண்டில் ஷாக்கின் உடலை ஒட்டிக் கட்டி ஓட்டிவந்தால், எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அது நகர்ந்த இடம் காட்டும். எனக்கு ஏறக்குறைய தண்டின் முடிவுவரை போயிருந்தது. புதிய ஷாக்கின் உடல் நீளமானது, பழைய பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளே முட்டிவிடும். இது சத்தத்தோடு முடியாது, ஷாக்கின் அடி வால்வு நொறுங்கும். 25 மில்லிமீட்டர் நீட்டிப்பு போட்டேன். விலையில் மிகச் சின்ன சாமான். இதைப் பெட்டியில் வைக்காதது கம்பெனிக்கு அழகில்லை.

இவை எல்லாம் முடிந்த பிறகுதான் திருகைத் தொட்டேன். அப்போதுதான் இந்த ஷாக்கின் உண்மையான குணம் தெரிந்தது. அருமையாக இருக்கிறது, மனதாரச் சொல்கிறேன். ஒவ்வொரு நிலைக்கும் வித்தியாசம் தெரிகிறது. இந்தத் திருகு அமுங்குவதையும் மீள்வதையும் சேர்த்தே மாற்றுகிறது. முன்னால் 3, பின்னால் 2 வைத்தால் அம்மாவும் நானும் மட்டும் போகும்போது நன்றாக இருக்கிறது. நான்கு பேரும் சாமானும் என்றால் பின்னால் 5. எடை ஏறினால் ஸ்பிரிங் அதிகமாக அமுங்கி அதிக வேகத்தில் மீளும், அதைப் பிடித்துநிறுத்த ஷாக்குக்கு வலு வேண்டும். 6-க்கு மேல் இந்த எடை குறைந்த வண்டிக்குத் தேவையே வரவில்லை.

நெளிநெளியான மண் சாலையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அங்கே வண்டி முரடாகத் தெரிந்தால் பலர் திருகை இன்னும் இறுக்குவார்கள். மீள்வது மிக மெதுவாக இருந்தால், ஒரு நெளிவில் அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி வருவதற்குள் அடுத்த நெளிவு வந்துவிடும். அடுத்தடுத்து அமுங்கி அமுங்கி வண்டி தாழ்ந்தே ஓடும், கடைசியில் பம்ப் ஸ்டாப்பின் மேலேயே போகும். ஓட ஓட முரடு கூடினால் தளர்த்த வேண்டும். மேட்டைத் தாண்டியபின் ஒன்றுக்கு மேல் ஆடினால் இறுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு நிலை, ஒரு முனை மட்டும், அதே சாலை, அதே டயர் காற்று. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. அப்படி ஓடிவிட்டு இறங்கி நான்கு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும், கவனம். ஒன்று மட்டும் சூடாகாமல் இருந்தால் அது வேலை செய்யவில்லை.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். கேஸ்டர் பிராக்கெட், பம்ப் ஸ்டாப் நீட்டிப்பு, ஸ்டெபிலைசர் லிங்க் மூன்றையும் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். புஷ் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும் என்று ஒர்க்ஷாப்பில் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், முடிந்தால் கூடவே நில்லுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். ஹெட்லைட்டின் உயரத்தையும் இறக்கிவிடுங்கள், எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும்.

இப்போது இருக்கும் குறை இரண்டு. பின் ஷாக்குகளின் திருகு உள்பக்கமாகப் பார்த்து இருக்கிறது, சேறு படிந்தால் இறுகிக்கொள்கிறது. மண் பாதையிலிருந்து வந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவி, 1 முதல் 8 வரை ஒருமுறை திருப்பிவிட்டு மறுபடி பழைய நிலையில் வைக்கிறேன். பின் வலது ஷாக்கின் தூசு உறையும் கிழிந்துவிட்டது. எண்ணெய்க் கசிவு இல்லை, தண்டில் கீறலும் இல்லை. உறை மட்டும் தனியாக வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன், கம்பெனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.